கடனே எடுத்ததில்லை, இப்போது எடுக்க வேண்டியிருக்கிறது: யாழ்ப்பாணத்தில் முதற்கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கடன் குழுவில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். வங்கிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர் அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இந்தக் கேள்விகள்.

நான் இதுவரை ஒருவரிடமும் ஒரு சதம் கடன் பட்டதில்லை. அப்படியிருக்க வங்கி ஏன் தயங்குகிறது?

கடன் படாமல் வாழ்ந்ததை நாம் பெருமையாக நினைக்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் வங்கிக்கு உங்கள் குணம் தெரியாது, கடதாசி மட்டும்தான் தெரியும். "இவர் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாரா?" என்று அது பார்க்கப் போனால், உங்கள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. கெட்ட பதிவும் இல்லை, நல்ல பதிவும் இல்லை.

உண்மையில் நம்மில் பலர் கொடுக்கல் வாங்கலே இல்லாதவர்கள் அல்ல. இருபது வருடமாக ஒரு மாதமும் தவறாமல் சீட்டுக் கட்டிய அம்மாவை எனக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக்குக் காப்பை அடகு வைத்து, வெங்காயம் விற்ற காசில் மீட்டு, அடுத்த வருடம் திரும்பவும் வைத்து மீட்டவர். கனடாவில் இருக்கும் தம்பியிடம் கைமாற்று வாங்கி அதையும் திருப்பிக் கொடுத்தவர். அவரைவிட நாணயமானவர் அந்த ஊரில் இல்லை. ஆனால் இவ்வளவும் கைக்குக் கை நடந்தது. வங்கியின் கணினியில் அவர் நேற்றுப் பிறந்தவர் மாதிரி.

இதற்குப் போரும் ஒரு காரணம். 1995 இடம்பெயர்வில் உறுதி, பாஸ் புத்தகம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை! வங்கியோடு நீண்ட தொடர்பு வைத்திருக்க முடியாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஆகவே "எனக்குத் தகுதி இல்லை" என்று மனம் சோர வேண்டாம். உங்கள் நாணயம் இன்னும் எழுத்தில் ஏறவில்லை, அவ்வளவுதான். அதை எழுத்தில் ஏற்றுவது எப்படி என்பதுதான் கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி.

"கிரிப்பில் பார்க்க வேண்டும்" என்கிறார்களே, அது என்ன?

இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் கிரிப் (CRIB). 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் ஆகியவை தங்களிடம் யார் எவ்வளவு கடன் எடுத்தார், தவணையை நேரத்துக்குக் கட்டுகிறாரா என்ற விபரங்களை அங்கே அனுப்புகின்றன. நீங்கள் கடன் கேட்டதும் வங்கி உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து அந்த அறிக்கையை எடுக்கும். இப்போது 250 இலிருந்து 900 வரை ஒரு புள்ளியும் போடுகிறார்கள், கூடினால் நல்லது.

இரண்டு விஷயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கிரிப் கடன் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை, தீர்மானம் வங்கியுடையது. அடுத்தது, "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று நம்மூரில் சொல்வார்கள், ஏதோ கறுப்புப் பட்டியல் இருப்பதுபோல. அப்படியொரு பட்டியல் இல்லை. கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கும், ஒழுங்காகக் கட்டியவர் பெயரும்தான். உண்மையில் உங்கள் பெயர் அங்கே நல்லபடியாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

என்னுடைய அறிக்கையை நானே எடுத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அடையாள அட்டையோடு உங்கள் வங்கிக் கிளையில் கேளுங்கள். இணையத்தினூடாகப் பணியகத்திடம் நேரடியாகவும் பெறலாம். சிறு கட்டணம் உண்டு.

கடனே எடுத்ததில்லை என்று நினைத்திருந்தவர்களின் அறிக்கையில் சிலவேளை ஏதாவது இருக்கும். நண்பனின் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கு எட்டு வருடத்துக்கு முன் பிணைக் கையெழுத்து வைத்தது, மறந்தே போன கிரெடிட் காட் ஒன்றின் வருடக் கட்டணம், கட்டி முடித்தும் "முடிந்தது" என்று அறிவிக்கப்படாத குளிர்சாதனப் பெட்டிக் கடன். பிழை இருந்தால் அந்தத் தகவலை அனுப்பிய நிறுவனத்திடம்தான் எழுத்தில் முறையிட வேண்டும். அவர்கள் திருத்தி அனுப்பினால்தான் பணியகத்திலும் திருந்தும். கடிதத்தின் பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரை வாங்கி வையுங்கள்.

முதல் பதிவை உண்டாக்க எது இலகுவான வழி?

உங்கள் சொந்தக் காசையே பிணையாக வைத்துக் கடன் எடுப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நகை அடகைத் தவிர, வங்கி யோசிக்காமல் கொடுக்கும் கடன் இது ஒன்றுதான். ஒரு இலட்சம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டுவிட்டு, அதன்மேல் ஐம்பதாயிரம் கடன் எடுக்கிறீர்கள். வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கடன் வட்டி சில வீதம் கூட இருக்கும். அந்த வித்தியாசம்தான் உங்களுக்கு உண்மையான செலவு. மாதாந்தத் தவணையாகக் கட்டும் வகையில் கேட்டு எடுங்கள். கடைசியில் மொத்தமாகத் தீர்க்கும் வகையென்றால் மாதாமாதம் கட்டினார் என்ற வரலாறு உருவாகாது.

சம்பளம் வங்கிக்கு வருகிறது என்றால் அதே வங்கியில் சிறிய தனிநபர் கடன் அல்லது குறைந்த எல்லையுள்ள கிரெடிட் காட் கேட்கலாம். காட்டை மாதம் ஒருமுறை எரிபொருளுக்கோ மருந்துக்கோ பாவித்து, மாதக் கணக்குக் கூற்று வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். "ஆகக் குறைந்த கொடுப்பனவு" என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மிகுதிக்கு வட்டி ஏறும். அந்த வட்டி நாட்டில் உள்ள கூடிய வட்டிகளில் ஒன்று.

எந்த வழியென்றாலும் ஒன்றைத் தொடங்கி, ஒரு வருடம் ஒரு நாளும் பிந்தாமல் கட்டுங்கள். ஒரே மாதத்தில் ஐந்து வங்கிகளுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு வங்கியும் உங்கள் அறிக்கையை எடுத்தது அடுத்த வங்கிக்குத் தெரியும். "இவருக்கு என்ன இவ்வளவு அந்தரம்?" என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

வீட்டில் நகை இருக்கிறது. அதை அடகு வைத்தால் போதாதா?

அவசரத்துக்கு அதைவிட நல்ல வழி நம்மிடம் இல்லை. வரலாறு கேட்கமாட்டார்கள், பிணையாள் கேட்கமாட்டார்கள். எட்டுக் கிராம் பவுணுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் காசைக் கையில் தருவார்கள். வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவதைவிட, நகையை விற்பதைவிட, வங்கி அடகு எவ்வளவோ மேல்.

ஆனால் சில கவனங்கள் வேண்டும். அடகுச் சீட்டில் மீட்கும் திகதி இருக்கும். அதைத் தாண்டினால் அறிவித்தல் அனுப்புவார்கள், பிறகு ஏலத்துக்குப் போகும். அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போய், தாலிக்கொடி ஏலம் போன பிறகுதான் தெரியவந்த குடும்பத்தைக் கண்டிருக்கிறேன். வீடு மாறினால் முதல் வேலையாக அடகு வைத்த இடத்தில் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் மாற்றுங்கள். முழுக்க மீட்க முடியாவிட்டாலும் திகதிக்கு முன் போய் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கலாம்.

இன்னொன்று: நகையே எல்லாப் பாரத்தையும் சுமக்கும்வரை உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு ஏறாது. வங்கி நம்புவது தங்கத்தை, உங்களை அல்ல. ஆகவே கடை போட, மெசின் வாங்க, வீடு திருத்த என்று பெரிய கடனை நோக்கிப் போகிறவர்கள் அடகோடு நின்றுவிடாமல், முன்னே சொன்ன சிறிய தவணைக் கடனையும் பக்கத்தில் தொடங்க வேண்டும்.

சீட்டுக் கட்டியதை வங்கி கணக்கெடுக்குமா?

இல்லை. சீட்டுக் காசு கையில் விழுந்த அன்றே அதை உங்கள் கணக்கில் போடுங்கள். கணக்குக் கூற்றாவது பேசும்.

அண்ணா வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறார். அது வருமானமாகுமா?

எப்படி அனுப்புகிறார் என்பதில் இருக்கிறது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் வழியாக, வரும் காசுக்கு எந்தத் தடமும் இல்லை. ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போவார், அத்தோடு முடிந்தது. அதே காசு வங்கியினூடாக, உங்கள் பெயரில், ஏறத்தாழ ஒரே திகதியில், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் வந்திருந்தால் கிளை முகாமையாளர் அதைப் பார்ப்பார். உண்டியலில் மாற்று வீதம் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பதற்காக அண்ணா அதில் அனுப்பினால், கடன் எடுக்க நினைக்கும் வருடத்திலாவது வங்கியால் அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் காசை மட்டும் நம்பிப் பெரிய கடன் தர வங்கி விரும்பாது. அங்கே அண்ணாவுக்கு வேலை போனால் இங்கே தவணை நின்றுவிடும். உள்ளூர் வருமானத்துக்கு அது ஒரு துணை.

எனக்குச் சம்பளப் பத்திரம் இல்லை. தோட்டம் செய்கிறேன் / கடலுக்குப் போகிறேன் / வீட்டில் தைக்கிறேன். என்ன காட்டுவது?

இந்தக் கேள்விதான் கூட வந்தது, பதில் சொல்ல நான் கூட நேரம் எடுப்பதும் இதற்குத்தான்.

இன்றிலிருந்து விற்பனைக் காசை முழுக்கச் செலவழிக்காமல் முதலில் வங்கியில் போட்டு, பிறகு எடுங்கள். சிலர் "போட்டு எடுக்கிறதில் என்ன பிரயோசனம்?" என்பார்கள். கணக்கில் காசு உள்ளே வந்து வெளியே போவதுதான் வங்கிக்குத் தேவை. மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு மரக்கறி கொண்டுபோகிறவர்கள் விற்பனைத் துண்டுகளைக் கிழித்துப் போடாமல் ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். மீன் வாங்கும் சம்மாட்டியிடமோ கூலரில் ஏற்றும் வியாபாரியிடமோ மாதாந்தத் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தைக்கிறவர்கள் ஒரு சாதாரணக் கொப்பியில் திகதி, பெயர், தொகை எழுதினால் போதும். பிரதேச சபையில் வியாபாரப் பெயர்ப் பலகைக்கும் உரிமத்துக்கும் கட்டிய பற்றுச்சீட்டு, பிரதேச செயலகத்தில் செய்த வியாபாரப் பெயர்ப் பதிவு, கமநல சேவை நிலையத்தில் உங்கள் காணி பதியப்பட்டிருந்தால் அந்த விபரம் என்று ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

அடுத்தது சங்கம். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சமுர்த்தி வங்கி போன்ற இடங்களில் உறுப்பினராகச் சேமித்து, சிறு தொகை கடனெடுத்துக் கட்டலாம். கிராமச் சங்கக் கடன் பெரும்பாலும் கிரிப்பில் ஏறாது. ஆனாலும் சங்கத்தின் பாஸ் புத்தகத்தையும், "இவர் இத்தனை கடன் எடுத்து ஒழுங்காகத் தீர்த்தார்" என்ற கடிதத்தையும் நல்ல கிளை முகாமையாளர் மேசையில் தள்ளி வைக்கமாட்டார். நான் அப்படி எழுதிக் கொடுத்த கடிதங்களில் சில கடனாகியிருக்கின்றன.

பயிர்ச்செய்கைக்கு என்றால் சாதாரணத் தனிநபர் கடனைக் கேட்காதீர்கள். வங்கிகளில் குறுங்காலப் பயிர்க்கடன்கள் தனியாக இருக்கின்றன. அறுவடையோடு கட்டும் வகையில் அமைந்தவை. வெங்காயம் நாலு மாதத்தில் காசாகும்போது மாதாமாதம் தவணை கட்டும் கடனை எடுத்தவர், மூன்றாம் மாதமே பிந்திப்போய்த் தன் பதிவைத் தானே பழுதாக்கிக்கொள்வார். பிரதேச அபிவிருத்தி வங்கியிலும் அரச வங்கிகளிலும் விசாரியுங்கள்.

இரண்டு அரச உத்தியோகத்தரைப் பிணை கேட்கிறார்கள். யாரிடம் போவது?

இது மனவருத்தம் தரும் கட்டம். ஆசிரியராகவோ தாதியாகவோ இருக்கும் உறவினர் எல்லோரும் ஏற்கனவே இரண்டு மூன்று பேருக்குக் கையெழுத்து வைத்திருப்பார்கள். மறுத்தால் கோபிக்காதீர்கள். பிணை நின்றதும் அவர்களுடைய கிரிப் அறிக்கையில் தெரியும். நீங்கள் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். அவர்களுக்கு வீட்டுக் கடன் தேவைப்படும்போது உங்கள் கடன் குறுக்கே நிற்கும். கேட்கப் போகும்போது உங்கள் வருமானக் கணக்கையும் தவணை அட்டவணையையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். பிணையாளுக்கும் ஒப்பந்தப் பிரதி ஒன்றைக் கொடுங்கள். பிணையாள் கிடைக்கவே இல்லை என்றால் தொகையைக் குறைத்து, வைப்பையோ நகையையோ பிணையாக ஏற்பார்களா என்று கேளுங்கள்.

காணி என் பெயரில் இருக்கிறது, சீதனமாக வந்தது. ஈடு வைக்கப் போனால் கணவரின் கையெழுத்து வேண்டுமாம். ஏன்?

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்குச் சட்டம். யாழ்ப்பாணத்துக்குரிய 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், வழியுரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் தன் காணியை ஈடு வைக்க மனைவியின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனாலும் மாறும்வரை அதோடுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

பலருக்குத் தெரியாத பகுதி இதுதான்: கணவர் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடமே தெரியாவிட்டால், அல்லது காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். போரில் காணாமற்போன கணவருக்காகக் காத்திருக்கும் பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! "அவர் வந்தால்தான்" என்று வங்கி சொன்னதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாமல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். விதவைக்கும் திருமணமாகாதவருக்கும் இந்தச் சம்மதம் தேவையில்லை.

காணி சகோதரர்களோடு பிரிபடாமல் இருந்தால் அது வேறு சிக்கல். பத்துப் பரப்பில் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று உறுதியில் மட்டும் இருப்பதை வங்கி பெரும்பாலும் ஏற்காது. அளந்து, பிரித்து, வரைபடத்தோடு பங்கீட்டு உறுதி முடித்த பின் கடன் அலுவலைத் தொடங்குங்கள்.

ஒருவர் வங்கி அலைச்சல் இல்லாமல் காசு தருகிறார். காணியைத் தன் பெயருக்கு எழுதித் தரச் சொல்கிறார், காசு கட்டினதும் திருப்பி எழுதுவாராம். செய்யலாமா?

செய்யாதீர்கள். ஈடு வேறு, அறுதி (முழு விற்பனை) வேறு. ஈட்டில் காணி உங்களுடையது, அதன்மேல் கடன் இருக்கிறது. நீங்கள் சொல்வதிலோ உறுதியே அவர் பெயருக்குப் போகிறது. திருப்பி எழுதும் நிபந்தனையை உறுதிக்குள்ளேயே எழுதினால் ஒரு பிடியாவது இருக்கும். வாய்ப்பேச்சில் விட்டால் அதுவும் இல்லை.

ஏற்கனவே நிபந்தனை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டவர்கள், மீட்கும் காலம் முடியுமுன்பே கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பியுங்கள். 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. தனியாரிடம் காணியை வைத்துப் பெற்ற கடன்களில் இரு தரப்பையும் அழைத்து இணக்கம் காண முயலும். காலம் கடந்து போனால் எடுக்கமாட்டார்கள். ஆகவே கடைசி மாதம்வரை இழுக்காதீர்கள்.

கிழமைக் கடன் தரும் கம்பனிகள் வீட்டுக்கே வருகின்றன. வரலாறும் கேட்பதில்லை. அதில் தொடங்கினால் என்ன?

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று போய், தவணை எடுப்பவர் படலையில் நிற்கும் கிழமை நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டில் போய் இருந்த பெண்களை எங்கள் ஊரில் கண்டோம். வடக்கில் நிலைமை அவ்வளவு முற்றியதால்தான், 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது.

வட்டியைச் சொல்லும் விதத்தில்தான் ஏமாறுகிறோம். ஒரு இலட்சம் ரூபாய், "வருடத்துக்கு 24 வீதம்", பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிவரை முழு முதலுக்கும் வட்டி போடும் முறை என்றால் 24,000 ரூபாயைக் கூட்டி மாதம் 10,333 ரூபாய் கட்டுவீர்கள். அதே 24 வீதத்தை வங்கி முறையில், குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 9,456 ரூபாய். மொத்த வட்டி 13,500 ரூபாய்க்கும் குறைவு. முதலாவது கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு 41 வீதத்துக்கும் மேலே. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போனாலும், முழு இலட்சத்துக்கான வட்டியான இரண்டாயிரத்தையே ஒவ்வொரு மாதமும் கட்டுகிறீர்கள் என்பதுதான் காரணம். யாரிடம் கடன் எடுத்தாலும் "குறைந்து செல்லும் மீதிக்கா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழிப்பது எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

கைத்தொலைபேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன்?

வேண்டாம். உங்கள் தொலைபேசியில் உள்ள இலக்கங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, பிந்தினால் உறவினருக்கும் முதலாளிக்கும் அழைப்பார்கள். நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பாருங்கள்.

நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

முதற்கடன் என்றால் நிலையானது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப்புள்ளி கூட்டியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தவர்களின் தவணை அதோடு எகிறியது. அப்படியொரு அடியைத் தாங்கும் சேமிப்பு, முதற்கடன் எடுப்பவரிடம் இருப்பது அரிது.

விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். இனி?

காரணத்தைக் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில். வருமானம் போதாதா, பிணை போதாதா, ஆவணம் பிழையா, கிரிப்பில் ஏதாவதா என்று தெரிந்தால்தான் அடுத்த அடி வைக்கலாம். அநேகமாக ஆவணத்தில்தான் தடக்குப்படும். அடையாள அட்டையில் இடம்பெயர்ந்திருந்த காலத்து விலாசம், மின்சாரப் பட்டியலில் இறந்துபோன அப்பாவின் பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து வித்தியாசம். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வாங்கிக்கொண்டு போனால் இவற்றில் பாதி தீரும்.

ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினாலோ, முறையற்று நடத்தினாலோ முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பிறகு ஆறு மாதம் பொறுங்கள். அந்த ஆறு மாதமும் விற்பனைக் காசு கணக்கில் விழட்டும், கொப்பி நிறையட்டும், சின்னத் தவணைக் கடன் ஒன்று ஓடட்டும். திரும்பப் போகும்போது அதே உத்தியோகத்தரிடமே போங்கள். போன தடவை இல்லாத கடதாசிகளை அவருடைய மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள்.